நாயோடு வாடகை வீடு: மதுரையில் தனி வீடா, ஃப்ளாட்டா?

“நாய் இருக்காம்மா? அப்பச் சரிப்பட்டு வராதும்மா.”

இந்த வரியை ஒரே கோடையில் ஏழு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அதில் மூன்று வீட்டில் வாடகை, அட்வான்ஸ், மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரம் வரைக்கும் பேசி முடித்து, சாவி கைக்கு வரும் சமயத்தில்தான் நாய்ப் பேச்சை எடுத்தேன். அது என் தப்பு. நாயைப் பற்றிக் கடைசியில் சொன்னால், நாயைவிட நாம் மறைத்ததுதான் வீட்டுக்காரருக்குப் பெரிதாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் போனில் முதல் வாக்கியமே அதுதான்: “ஐயா, எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. பரவாயில்லை என்றால் வீட்டைப் பார்க்க வருகிறேன்.”

நாயின் பேர் செவலை. நிறமே பேராகிவிட்டது. ஒத்தக்கடையில் யானைமலைக்குப் போகிற வழியில், மழையில் நனைந்து கிடந்த குட்டி. அது வந்த பிறகு நாங்கள் மூன்று வீடு மாறிவிட்டோம். முதலில் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு தனி வீட்டின் கீழ்ப்பகுதி, மாடியில் வீட்டுக்காரர். அப்புறம் கோச்சடைப் பக்கம் மூன்றாவது மாடி ஃப்ளாட். இப்போது திருநகர் தாண்டி மறுபடியும் தனி வீடு. இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததால், நாயோ பூனையோ வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்களுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் தெளிவாக வேண்டியது, யார் சம்மதம் வேண்டும் என்பது. ஃப்ளாட் என்றால் அசோசியேஷன் சரி என்று சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மதுரையில் மொத்தக் கட்டடத்தையும் ஒருவரே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிற அடுக்குமாடிகள் குறைவு. பெரும்பாலும் ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் ஒரு ஓனர். ஒருவர் துபாயில் இருப்பார், இன்னொருவர் பெங்களூரில் இருப்பார், மூன்றாமவர் எதிர் ஃப்ளாட்டிலேயே இருப்பார். ஆகவே ஃப்ளாட்டுக்கு இரண்டு சம்மதம் வேண்டும்: ஓனருடையது ஒன்று, அசோசியேஷனுடையது ஒன்று. தனி வீட்டுக்கு ஒரே சம்மதம். ஆனால் அந்த ஒருவர் மனம் மாறினால் எல்லாம் முடிந்தது. நான் பார்த்த வரையில், மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

சட்டமும் இப்படித்தான் பிரிந்து நிற்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வளர்ப்புப் பிராணிகள் பற்றிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. செல்லப் பிராணி வைத்திருக்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, பெரும்பான்மை ஓட்டெடுத்து விதியை மாற்றியும் தடுக்க முடியாது என்று அதில் இருக்கிறது. குரைக்கிறது என்பதைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது. லிஃப்ட்டில் நாயை ஏற்றக் கூடாது என்று சொல்லக் கூடாது. நம் பங்குக்கு, பொது இடத்தில் கயிற்றில் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அசிங்கம் செய்தால் நாமே எடுக்க வேண்டும், தடுப்பூசி தவறாமல் போட வேண்டும். கோச்சடையில் இந்த வழிகாட்டுதலை அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்த பிறகுதான் லிஃப்ட் சண்டை அடங்கியது.

ஆனால் இதெல்லாம் சங்கத்துக்குத்தான். வீட்டுச் சொந்தக்காரர் “செல்லப் பிராணி கூடாது” என்று ஒப்பந்தத்தில் எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், இந்தத் தாளை அவரிடம் நீட்டிப் பயனில்லை. அது உங்கள் இருவருக்கும் இடையிலான பேச்சு. அதனால் சட்டத்தை நம்பி ஃப்ளாட்டுக்குப் போகிறவர்கள், ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பால் காய்ச்ச வேண்டாம்.

தனி வீட்டுக்கு வருவோம். எங்கள் முதல் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் நல்லவர்கள். செவலை குட்டியாக இருந்தபோது அந்த அம்மா தினமும் மிச்சத் தயிர்ச்சோறு கொண்டுவந்து வைப்பார். “காவலுக்கு ஆச்சு” என்பார். ஒன்பது மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்புறம் செவலைக்கு முதல் பருவம் வந்தது. பெட்டை நாய்க்குப் பருவம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும், ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அந்த மூன்று வாரமும் தெருவிலிருந்த கடுவன்கள் எல்லாம் எங்கள் கேட்டுக்கு வெளியேதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு நாய் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் சத்தம். காலையில் அந்த அம்மா வாளியும் கோலப்பொடியுமாக வந்து கேட்டைத் திறந்தால், முந்தின நாள் கோலத்தின் மேல் முழுக்க மூத்திரம். நான்காவது நாள் அவர் கோலம் போடவில்லை. வாளியைப் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்தில், பேரன் பிறந்திருக்கிறான், மகள் கீழ்வீட்டுக்கு வருகிறாள் என்று காலி செய்யச் சொன்னார்கள்.

நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கருத்தடையைத் தள்ளிப் போட்டது நாங்கள்தான். வாடகை வீட்டில் பெட்டை நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லாரிடமும் இதை முதலில் சொல்கிறேன்: மருத்துவரிடம் வயதைக் கேட்டு நேரத்தோடு செய்துவிடுங்கள். மற்ற நல்ல குணம் எத்தனை இருந்தாலும் இந்த மூன்று வாரம் ஒரு நல்ல வீட்டைப் பறித்துவிடும். ஃப்ளாட்டில் இந்தத் தொல்லை குறைவு. கேட்டும் வாட்ச்மேனும் இருப்பதால் தெரு நாய்கள் வாசல் வரை வருவதில்லை.

அந்த வீட்டில் கற்ற இன்னொன்று, கதவு. ஒன்பதாயிரம் வாடகைக்கு அறுபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்தார்கள், அது ஊர் வழக்கம். அதற்கு மேல் முன்கதவுக்கு எட்டாயிரம். கதவின் அடிப்பக்கம், ஒரு முழ உயரத்துக்கு, நகக் கீறல்கள் வரிவரியாக இருந்தது உண்மைதான். நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அது அந்த இடத்தில்தான் பிறாண்டும். ஆனால் அதே கதவில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்திலிருந்த பழைய வெடிப்பையும் எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குடிபோன அன்று எடுத்த போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இப்போதைய வீட்டில் முதல் நாளே கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி படமெடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கதவின் அடியில் உள்பக்கமாக ஒரு தகரத் தகடு அடித்திருக்கிறோம். நாலு ஆணியில் எட்டாயிரம் ரூபாய்ச் சண்டை தீர்ந்தது.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் விடுகிறது. அந்த இடத்தில்தான் நம் ஊரின் ஐந்து மாதமும் பத்து மாதமும் நிற்கின்றன. நாய் இருக்கிறது என்றதும் இன்னும் இரண்டு மாதம் கூடக் கேட்பார்கள். திரும்பி வரும் பணம்தானே என்று ஒத்துக்கொள்ளலாம், ஆனால் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இன்னொன்றும் அதில் இருக்கிறது: குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டும் என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

மதுரைக்காரர்களுக்கு ஒத்தியும் ஒரு வழி. சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று வருடம் இருப்பது. நாய் வைத்திருக்கிறவர்களுக்கு ஒத்தியில் ஒரு தனி பலம் இருக்கிறது. உங்களைக் கிளப்ப வேண்டுமானால் வீட்டுக்காரர் மொத்தப் பணத்தையும் புரட்ட வேண்டும். அதனால் சின்னச் சின்ன மனஸ்தாபத்துக்கு யாரும் “காலி பண்ணுங்க” என்று சொல்வதில்லை, பொறுத்துப் போகிறார்கள். இதுவே திரும்பியும் அடிக்கும். உங்களுக்கே அங்கே சரிப்பட்டு வரவில்லை என்றால், அடுத்த ஒத்திக்காரர் வரும்வரை உங்கள் பணம் வராது. வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்க்காமல், பதிவு செய்யாமல் ஒத்திக்குப் போகவே போகாதீர்கள்.

காம்பவுண்டு வீடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே முற்றத்தில் ஆறு குடும்பம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அங்கே பூனை தாராளமாக வளரும், எல்லார் வீட்டுப் பூனையாகவும் ஆகிவிடும். நாய்க்கு அது சரியான இடமில்லை.

இனி ஃப்ளாட். பெங்களூரில் இருந்த ஓனர் மாதம் ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்தால் போதும் என்றார். நாயைப் பற்றிச் சொன்னபோது “ஹால் டைல்ஸ் உடையாதுல்ல?” என்று மட்டும் கேட்டார். அந்த நிம்மதி தனி வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை. மாடியிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சமையலிலும் அப்படித்தான். நாய்க்குக் குக்கரில் கோழித்தலையும் காலும் வேகவைத்தால் அந்த வாடை படியேறிப் போகும். “சைவம் மட்டும்” என்று சொல்லி விடுகிற தனி வீடுகள் இந்த ஊரில் நிறைய. அங்கே நாயைச் சேர்த்துக்கொண்டாலும் நாயின் சாப்பாட்டைச் சேர்க்க மாட்டார்கள். இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் ஃப்ளாட்டில் நாள் முழுக்க உழைக்க வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டால் ஓடிப் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வருகிற வசதி கிடையாது. விடிகாலை ஐந்தரை, மதியம் யாராவது ஒருவர் வந்து, சாயங்காலம், ராத்திரி பத்து என நாலு தடவை மூன்று மாடி இறங்கி ஏறியிருக்கிறோம். இரண்டாவது மாடியில் ஒரு சின்னப் பையன், நாயைக் கண்டால் லிஃப்ட்டுக்குள்ளேயே பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறுவான். விதி நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பையனை அலறவிட முடியுமா? அவர்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அரைமணி நேரம் படியில் போனோம். மூன்று மாதம் கழித்து அந்தப் பாட்டியே ஒருநாள் கதவைத் திறந்து, “கொஞ்சம் நில்லும்மா, இவன் தூரத்துலேர்ந்து பார்க்கணும்ங்குறான்” என்றார்.

ஃப்ளாட்டில் செயலாளரைவிட முக்கியமானவர் வாட்ச்மேன். ராத்திரி பத்து மணிக்கு நாயோடு வெளியே போகிற நமக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறவர் அவர்தான். நாய் குரைத்தது என்று புகார் வந்தால், எப்போது, எவ்வளவு நேரம் என்று உள்ளபடி சொல்லக்கூடியவரும் அவர்தான். எங்கள் வாட்ச்மேன் அண்ணன்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: செவலை நாள் முழுக்கக் குரைக்கவில்லை, பகல் பதினொரு மணிக்குக் கொரியர் தம்பி எதிர்வீட்டு பெல்லை அடிக்கும்போது மட்டும்தான். அதன் படுக்கையை வாசல் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றினோம், புகார் பாதியாகக் குறைந்தது.

அப்படியும் ஒன்றரை வருடத்தில் நாங்களே கிளம்பிவிட்டோம். காரணம் மனிதர்கள் இல்லை, வெயில். நாங்கள் இருந்தது மேல்தளம். சித்திரை, வைகாசியில் மதுரை நாற்பது டிகிரியைத் தொடும்போது மொட்டை மாடி வாங்கிய சூடு ராத்திரி பதினொரு மணிக்கும் இறங்காது. செவலை குளியலறைத் தரையை விட்டு எழவே எழாது. காலையில் எட்டு மணிக்கு மேல் தார் ரோட்டில் நடத்தினால் பாதம் சுடும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்தாறு எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால், நாயை அதில் நடத்தக் கூடாது. தனி வீட்டில் ஒரு வேப்பமரமும், வாளித் தண்ணீர் தெளித்த ஈர மண்ணும் இருந்தால் அதற்கு அதுவே போதும். ஃப்ளாட் எடுத்தே ஆக வேண்டுமானால் மேல்தளத்தை விட்டுவிட்டு, மேற்கு வெயில் படாத நடுத்தளமாகப் பாருங்கள்.

நாயின் இனத்தையும் யோசிக்க வேண்டும். நம் பக்கத்து இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்து வந்தவை. விருதுநகர் மாவட்டக் கரிசல் வெளியில் ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி ஒன்றை வைத்திருக்கிறவர்கள் நாகமலை புதுக்கோட்டை, ஊமச்சிகுளம் பக்கம், ஊருக்கு வெளியே மதில் உள்ள தனி வீடாகப் பார்க்க வேண்டும், ஆபீஸ் கொஞ்சம் தூரமானாலும் சரி. வயதான நாய், சின்ன நாய், பூனை இவற்றுக்கு ஃப்ளாட் நன்றாகவே ஒத்துவரும். பூனைக்குத் தனி வீட்டைவிட ஃப்ளாட்தான் பாதுகாப்பு என்பேன், பால்கனியை மட்டும் அடைத்துவிட்டால். புறாவுக்காகக் கட்டுகிற நைலான் வலையைப் பூனை கடித்துவிடும், கம்பி வலை வேண்டும். அதற்குச் சுவரில் துளை போட ஓனரின் அனுமதியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

எந்த வீடானாலும், முன்பு குடியிருந்தவர்கள் நாய் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். அந்த நாய் பார்வோ நோயில் செத்திருந்தால், அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது. வீட்டைக் கழுவ ஃபினாயில் போதாது, குளோரின் பிளீச் கலந்த தண்ணீர் வேண்டும். பூனை இருக்கிற வீட்டில் ஃபினாயிலே ஆகாது. பழைய தனி வீடுகளில் சுவர் வெடிப்பையும் பாருங்கள். நாய் உண்ணி அந்த வெடிப்புகளில் முட்டையிட்டுக் காத்திருக்கும். நாய்க்கு எத்தனை மருந்து போட்டாலும் வெடிப்பைப் பூசாமல் தீராது. வெறிநோய்த் தடுப்பூசி அட்டையை ஒப்பந்தத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே அந்த ஊசியைப் போடும் முகாம் நடக்கும்.

மொத்தத்தில் என் முடிவு இது. நாட்டு நாய், பெரிய நாய் என்றால் தனி வீடு, அதுவும் வீட்டுக்காரர் அதே மதிலுக்குள் குடியிருக்காத தனி வீடு. பூனை, சின்ன நாய் என்றால், ஓனரின் எழுத்துச் சம்மதம் கிடைக்கிற ஃப்ளாட். வீட்டுக்காரர் மாடியிலேயே இருக்கிற வீடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவர் மனசுக்குப் பிடித்துவிட்டால் அதைப் போல ஒரு வீடு அமையாது. ஆனால் அந்தப் பிடிப்பு எத்தனை மாதம் நிற்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது.

இப்போதைய வீட்டைப் பேசப் போனபோது செவலையையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர், நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர். திண்ணையில் உட்கார்ந்தபடி பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துவிட்டு அவர் செருப்புப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. “கடிக்குமா?” என்று கேட்டார். தெரியாதவர்கள் மதிலேறிக் குதித்தால் கடிக்கும், கேட்டைத் தட்டினால் குரைக்கும், அவ்வளவுதான் என்றேன். அப்புறம் ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேர்க்கலாமா என்று தாளை நீட்டினேன்: “குடியிருப்பவர் கருத்தடை செய்யப்பட்ட, தடுப்பூசி போட்ட ஒரு பெட்டை நாயை வீட்டில் வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். நாயால் கதவு, சுவர், தரைக்கு ஏற்படும் சேதத்தைக் குடியிருப்பவர் தம் செலவில் சரிசெய்து தருவார்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கி, “ஒரு பெட்டை நாயை” என்பதற்குப் பக்கத்தில் “செவலை நிறம்” என்று தன் கையெழுத்திலேயே சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.